காற்றும் நீரும் கைமாற்றிக்கொள்ளும் நஞ்சு: பாதரசம் நம்மை வந்தடையும் வழிகள்

"நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம், டாக்டர்? அப்புறம் மாசு எங்கிருந்து வரும்?" புறநோயாளர் பிரிவில் இந்த வினா எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. வினா நியாயமானதே. கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்கிறது. காலராவும் டைபாய்டும் நீரின் வழி பரவும் மஞ்சள் காமாலையும் நம்மை அண்டாமல் காக்கிறது. அந்தப் பழக்கத்தை எவரும் கைவிட வேண்டா. ஆனால் வேதிப்பொருளுக்கு உயிர் இல்லை. ஆகவே அதனைக் கொல்லவும் இயலாது. சூடேறும்போது அது இரண்டில் ஒன்றைச் செய்யும். நீரை விட்டு வெளியேறிக் காற்றில் கலக்கும். அல்லது நீர் மட்டும் ஆவியாகிப் போக, தான் பாத்திரத்திலேயே தங்கி முன்னைவிடச் செறிவாகும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவை மிகுந்த நீரைச் சுண்டக் காய்ச்சுவதால் நன்மை இல்லை, தீமையே உண்டு.

முதல் வகைப் பொருள்களைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அதிகம் அறிந்திருப்பதில்லை. அவை நீரில் இருந்தால் காற்றுக்கு வரும். காற்றில் இருந்தால் நீருக்குச் செல்லும். இந்தப் போக்குவரத்து எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்துகொண்டால், வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதும், கருவுற்ற பெண்ணுக்கு எந்த மீனைச் சமைப்பது என்பதும் விளங்கிவிடும். ஆகவே முதலில் சிறிது இயற்பியல்.

கோலி சோடாவின் கோலியை உள்ளே அழுத்தியதும் நுரை பொங்கி எழுவதைக் கண்டிருப்போம். மூடிய புட்டிக்குள் கரியமிலவாயு மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருந்தது. அதனால் நீரும் அதனை மிகுதியாகக் கரைத்து வைத்திருந்தது. அழுத்தம் நீங்கியதும் நீரால் அவ்வளவு வாயுவைத் தாங்க இயலவில்லை. இந்த நிகழ்வுக்கு உரிய விதியை வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கிலேய வேதியியலர் 1803ஆம் ஆண்டில் வகுத்தார். நீரின் மேலுள்ள காற்றில் ஒரு வாயு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ, அதற்கு ஏற்ற விகிதத்தில் அது நீரில் கரைந்திருக்கும் என்பதே அவ்விதி. விகிதம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். சில பொருள்கள் நீரையே விரும்பி அதில் தங்கும். சில வாய்ப்புக் கிடைத்தவுடன் காற்றுக்குத் தாவும். நீர் சூடேறச் சூடேறப் பெரும்பாலானவை காற்றின் பக்கம் சாயும். குளிர்ந்தால் நீரின் பக்கம் திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டியது, போக்குவரத்து இருவழிப்பட்டது என்பதாகும். நீரில் மிகுந்திருந்தால் காற்றுக்கு ஏறும். காற்றில் மிகுந்திருந்தால் நீரில் இறங்கும். ஒரே ஏரி கோடையில் ஒரு மாசுப்பொருளை வெளிவிடவும், குளிர்காலத்தில் அதே பொருளை உள்வாங்கவும் கூடும். நம் நுரையீரலும் இந்த விதிக்கு உட்பட்டதே. காற்றுச் சிற்றறையில் உள்ள காற்றும், மெல்லிய சுவருக்கு அப்பால் ஓடும் குருதியும் நொடிதோறும் வாயுக்களைக் கைமாற்றிக்கொள்கின்றன. மது அருந்தியவரின் மூச்சை ஊதச் சொல்லிக் காவலர் அளவிட முடிவதும், குருதியிலுள்ள மது மூச்சுக் காற்றுக்கு வருவதால்தான். ஏரிக்கு நேர்வதே நமக்கும் நேர்கிறது.

வீட்டிலுள்ள எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறிவிட்டுப் பாதரசத்துக்குச் செல்வோம். குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரின், நீரிலுள்ள மக்கிய இலைதழைப் பொருள்களோடு வினைபுரிந்து மிகச் சிறிய அளவில் குளோரோஃபார்மை உண்டாக்குகிறது. 1974ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. குளோரோஃபார்ம் 61 டிகிரி செல்சியசிலேயே கொதிப்பது. நீரை விட்டு எளிதில் விலகுவது. வெந்நீர்ப் பூத்தூவலின் கீழ் நின்று குளிக்கும்போது, நீர் நுண்துளிகளாகச் சிதறிச் சூடாகவும் இருப்பதால் அது குளியலறைக் காற்றில் கலக்கிறது. அவ்வாறு மூச்சின் வழியும் தோலின் வழியும் உட்செல்லும் அளவு, அதே நீரை நாள் முழுதும் அருந்துவதால் உட்செல்லும் அளவுக்கு ஏறத்தாழ இணையாகக்கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைப் படித்துவிட்டுக் குளோரின் வேண்டா என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. குளோரின் இல்லாத நீரால் வரும் காலரா சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. இது அத்தகையது அன்று. குளியலறைச் சாளரத்தைத் திறந்து வையுங்கள். வெந்நீரைக் காய்ச்சும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். அதுவே போதும்.

பாதரசம் இதனினும் வேறானது. அறை வெப்பத்தில் நீர்மமாக இருக்கும் ஒரே உலோகம் அது. நீர்மமாக இருப்பதால் ஓயாது ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. அந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. 20 டிகிரி வெப்பத்தில், பாதரசத்தோடு அடைபட்டுக் கிடக்கும் காற்று அதன் ஆவியால் முற்றும் நிறைவுறும்போது, ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். நெடுநாள் சுவாசிக்கும் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் வழிகாட்டு அளவோ கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். முன்னது பின்னதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். 30 டிகிரியில் அது இன்னும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். காற்றோட்டமுள்ள வீட்டறையில் சிறு துளி பாதரசம் அந்த நிறைவை எட்டுவதில்லை. ஆயினும், ஆவி எந்த அளவுக்கு உயரக்கூடும் என்பதையும், நம் ஊர் வெயில் அதற்குத் துணை என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

இந்த ஆவி நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே ஒரு மழைக்கு அது கழுவப்பட்டுவிடாது. பல மாதங்கள், சில வேளை ஓராண்டு வரையிலும் கூட, காற்றிலேயே மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் செல்லும். செல்லும் வழியில் ஓசோன், புரோமின் போன்றவற்றோடு வினைபுரிந்து உப்பு போன்ற வடிவத்தை அடையும். இந்த வடிவம் நீரில் நன்கு கரையும். மழைத்துளி அதனைப் பற்றிக்கொண்டு ஏரியிலும் வயலிலும் கடலிலும் இறக்கிவிடும். இறங்கியதோடு பயணம் முடிவதில்லை. நீரிலுள்ள ஒரு பகுதியைச் சூரிய ஒளியும் நுண்ணுயிர்களும் மீண்டும் உலோகப் பாதரசமாக மாற்ற, அது நீர்ப்பரப்பை விட்டு மறுபடியும் காற்றுக்கு ஏறும். ஐக்கிய நாடுகளின் மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் 2015ஆம் ஆண்டில் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 டன். அதில் 38 விழுக்காடு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும், 21 விழுக்காடு நிலக்கரியை எரிப்பதிலிருந்தும் வந்தது. முன் தலைமுறைகள் வெளியிட்ட பாதரசமோ இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயணத்தை நம் மாநிலத்திலேயே காணலாம். கொடைக்கானலில் 1980களில் தொடங்கப்பட்ட வெப்பமானி ஆலை ஒன்று 2001ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் பழைய பொருள் கடையொன்றில் கிடந்தது தெரியவந்ததும் எழுந்த எதிர்ப்பே அதற்குக் காரணம். ஆலை அமைந்த மலைமுகட்டிலிருந்து வழியும் நீர் பாம்பார் சோலையின் பக்கம் இறங்குகிறது. கொடைக்கானல் ஏரியோ ஆலைக்கு வடக்கே உள்ளது. ஆயினும் பின்னர் ஆராய்ந்த அறிவியலர், ஏரி நீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டனர். மரங்களில் படர்ந்த பாசியிலும், நம் சமையலறைக் கல்பாசியின் உறவினமான மரப்படர்வுகளிலும் கண்டனர். பாசிக்கு மண்ணில் ஊன்றிய வேர் இல்லை. தனக்கு வேண்டியதை அது காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் பெறுகிறது. ஆகவே பாசியில் பாதரசம் இருந்தால், அது காற்றின் வழியே வந்திருக்க வேண்டும். வாய்க்கால் செல்லாத இடத்துக்குக் காற்று சென்றிருக்கிறது. கழிவுநீர்க் குழாயை மட்டும் பார்த்து ஒரு நீர்நிலை தூய்மையானதா என்று முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு அருகில் வேறில்லை என்பது எங்கள் கருத்து.

ஏரியின் அடிச்சேற்றில் உயிர்வளி இராது. அங்கு வாழும் சில நுண்ணுயிர்கள் தம் வாழ்க்கைப் போக்கில் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதுவே மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் வடிவம். நீரில் இதன் அளவு மிகச் சொற்பம். ஆனால் நுண்பாசி அதனை ஈர்த்துக்கொள்ள, நுண்பாசியைச் சிற்றுயிர்கள் தின்ன, அவற்றைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைப் பெருமீன் தின்ன, படிக்குப் படி செறிவு கூடுகிறது. பெருமீனின் தசையில் அது நீரில் உள்ளதைப் போலப் பத்து லட்சம் மடங்கையும் தாண்டக்கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை ஒரு வேதியியல் ஆலை இத்தகைய கழிவை நேரே கடலில் விட்டது. 1956ஆம் ஆண்டில் அந்நோய் முறைப்படி அறியப்பட்டது. அங்கே சில தாய்மார்களுக்கு அறிகுறி ஏதும் பெரிதாகத் தென்படவில்லை. அவர்கள் பெற்ற குழந்தைகளோ மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தன. மெத்தில் பாதரசம் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது என்பதையும், வளரும் மூளை தாயின் மூளையைவிட எளிதில் சிதைகிறது என்பதையும் மருத்துவ உலகம் அவ்வாறுதான் கற்றது.

இனி வீட்டுக்கு வருவோம். குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துப் பாதரசத்தை விழுங்கிவிட்டது என்று பதறி ஓடி வரும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு நாங்கள் முதலில் கூறுவது, அமைதியாக இருங்கள் என்பதே. உலோகப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அது மலத்தோடு வெளியேறிவிடும். வாயில் கண்ணாடிச் சில்லு தைத்திருக்கிறதா என்று பார்ப்பதே அப்போது முதன்மையானது. வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் செல்ல நேர்ந்தால் தீங்கு. குழந்தைக்கு இருமலோ மூச்சுத் திணறலோ வயிற்றுவலியோ இருந்தால் உடனே அழைத்து வாருங்கள். அதே பாதரசம் கட்டிலுக்கு அடியில் உருண்டோடித் தரையின் இடுக்கில் தங்கிவிட்டால், அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். அது நாள்தோறும் ஆவியாகும். மூச்சில் புகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நுரையீரல் குருதிக்குள் விட்டுவிடும். தரைக்கு அருகே தவழ்ந்து விளையாடும் குழந்தைக்கு அந்த ஆவி மிக அருகில் இருக்கிறது. அஞ்சும் இடம் ஒன்று, ஆபத்து இருக்கும் இடம் வேறொன்று.

ஆகவே தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். அறையின் உட்கதவை மூடி, வெளிச் சாளரங்களைத் திறந்து, ஏசி ஓடினால் நிறுத்துங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டா. துளி சிதறிப் பல துளியானால் ஆவியாகும் பரப்பு பெருகும். வாக்குவம் கிளீனர் அறவே கூடாது. அது பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக ஊதிவிடும். மோதிரம், வளையல், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும், ஏனெனில் பாதரசம் பொன்னோடு உடனே கலந்து அதனை வெளுக்கச் செய்யும். தாலியைக் கழற்ற விரும்பாதவர் இப்பணியை வீட்டிலுள்ள வேறொருவரிடம் விட்டுவிடுவது நன்று. கையுறை அணிந்து, இரு தடித்த அட்டைகளால் துளிகளை மெல்ல ஒன்றுசேர்த்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் உறிஞ்சி, இறுக மூடக்கூடிய சிறு புட்டியில் இடுங்கள். டார்ச் விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் மறைந்த துளிகள் பளிச்சிடும். எஞ்சிய நுண்துளிகளை ஒட்டும் நாடாவில் ஒற்றி எடுக்கலாம். பின்னர் ஒரு நாளேனும் அறையைக் காற்றாட விடுங்கள்.

சேகரித்ததைக் கழுவுதொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்றிவிடக் கூடாது. பெரும்பாலோர் செய்வது அதுதான். ஊற்றிய பாதரசம் குழாயின் வளைவில் தங்கி வீட்டுக்குள்ளேயே ஆவி விடும். எஞ்சியது சாக்கடை வழி ஏரிக்கோ கடலுக்கோ சென்று, மேலே கூறிய சேற்றை அடையும். உடைந்த பாதரச வெப்பமானியைத் தனியே ஒப்படைக்க வேண்டிய வீட்டு அபாயக் கழிவாக 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. உள்ளாட்சிப் பணியாளரிடம் அதன் பெயரைச் சொல்லித் தனியாகக் கொடுங்கள். மினமாட்டாவின் பெயரால் 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இணைந்துள்ளது. பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியையும் வாணிகத்தையும் நிறுத்துவது அதன் இலக்குகளில் ஒன்று. உடையாத பழைய தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால், உடையும் வரை காத்திராமல் டிஜிட்டல் வகைக்கு மாறிவிடுவதே அறிவுடைமை.

மீன் பற்றிய அறிவுரையை இருமுறை படிக்க வேண்டுகிறோம், ஏனெனில் பாதியை மட்டும் நினைவில் கொள்வோர் மீனையே நிறுத்திவிடுகின்றனர். மீன் நல்ல உணவு. அதன் புரதமும் கொழுப்பும் கருவின் மூளை வளர்ச்சிக்கே உதவுபவை. தவிர்க்க வேண்டியவை நெடுநாள் வாழ்ந்து பிற மீன்களைத் தின்று பெருத்த இனங்கள் மட்டுமே: பெரிய சுறா, வாள்மீன், பெரிய சூரை போன்றவை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறுமீன்கள் சில ஆண்டுகளே வாழ்பவை. உணவுப்படியின் கீழே இருப்பவை. அவற்றில் பாதரசம் சேர்வது குறைவு. விலையும் குறைவு என்பது மகிழ்ச்சிக்குரிய தற்செயல். மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால், கழுவினாலும் வறுத்தாலும் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். இதனை ஆக்கித் தரும் பாட்டிமார்களின் அன்பை நாங்கள் மதிக்கிறோம். சிறிய பால்சுறாவில் பெரிய சுறாவில் உள்ள அளவு பாதரசம் இருக்கும் என்று கூற மாட்டோம். எனினும் கடையில் துண்டுபோட்டு வைத்த சுறா எவ்வளவு பெரிய மீனிலிருந்து வந்தது என்று நம்மால் அறிய இயலாது. மெத்தில் பாதரசத்தின் ஒரு பகுதி தாய்ப்பாலுக்கும் செல்லும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதே பக்குவத்தில் வேறு சிறுமீனைப் புட்டாகச் செய்து கொடுக்கலாம். அதுவும் புரதம் தரும், தாய்க்குப் பசியும் ஆறும். பால் கொடுப்பதை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டா.

உடலில் புகுந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 50 முதல் 70 நாள்கள் ஆகும். எனவே பெருமீனைத் தவிர்ப்பதைக் கரு உறுதியான நாளில் தொடங்குவதைவிட, குழந்தைக்குத் திட்டமிடும்போதே, நான்கைந்து மாதங்கள் முன்னதாகத் தொடங்குவது பயன் தரும். திருமணமாகிச் செல்லும் பெண்களிடம் இதனைச் சொல்வார் எவரும் இல்லை, தாய்மார்கள் சொல்லலாம்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்? பாதரசம் சிந்திய அறையில் இருந்தவர்க்குச் சில மணி நேரத்தில் இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல், நெஞ்சிறுக்கம் தோன்றினால் உடனே வர வேண்டும். பாதரசத்தோடு பணிபுரிவோர்க்குக் கைநடுக்கம், உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், ஈறு வீக்கம் ஆகியவை மெல்ல மெல்ல வரும். வயதின் கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போதல், பக்கப் பார்வை சுருங்குதல், நடை தள்ளாடுதல் ஆகியவை மெத்தில் பாதரசத்தின் அறிகுறிகள். ஆனால் இவற்றுக்கு நீரிழிவு உள்ளிட்ட வேறு காரணங்களே நம்மிடையே மிகுதி. ஆகவே தாமாக முடிவு செய்து, நஞ்சை முறிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கி உண்ண வேண்டா. பாதரசத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவை உடலுக்குத் தேவையான தாதுக்களையும் சேர்த்தே வெளியேற்றக்கூடியவை என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தரப்பட வேண்டும்.

ஐயம் இருந்தால் சோதனை எளிது. ஆவியாகச் சுவாசித்த பாதரசத்தை அறியச் சிறுநீரையும், மீனின் வழி வந்ததை அறியக் குருதியையும் சோதிப்போம். வரும்போது, கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த மீனை எத்தனை முறை உண்டீர்கள் என்பதையும், வீட்டிலோ பணியிடத்திலோ பாதரசம் சிந்தியிருந்தால் அது எந்த அறையில், எந்த நாளில் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.